சொல்கிறவர் எங்கே நிற்கிறார்

ஜூன் 14

பாப்பாவுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் இரண்டு பேரும் கத்த ஆரம்பிப்போம். காகிதத்தில் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன். முகவரியை உன் சித்தியிடம் பிடுங்கி வாங்கினேன். அவள் மேல் கோபப்படாதே.

நான் பள்ளிக்கூடம் போகிறேன். சிரித்தது போதும். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் ஐந்தரை மணிக்கு மாலை வகுப்பு. எங்கள் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர் வேலை காலியானது. பதினெட்டு வருடமாக அங்கே நிற்கிறேன். எந்த மெஷின் எந்த நேரத்தில் மக்கர் பண்ணும் என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். ஆனால் அதிகாரி என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பத்தாவது பாஸ் சர்டிபிகேட் இல்லையேம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். இப்போதைக்கு வேறு பிரிவிலிருந்து ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். நிரந்தரமாகப் போடுவது அடுத்த வருடம் ஜூலையில்தானாம். "அப்ப அதுக்குள்ள கொண்டாந்து காட்டுறேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பில் பதினான்கு பேர். ஒரு லாரி டிரைவர், ஒரு வாட்ச்மேன், தையல் கடை வைத்திருக்கும் பெண் ஒருத்தி, இப்படி. வயதில் என்னை முந்துகிறவர் வாட்ச்மேன் மட்டும்தான். வாத்தியாருக்கு முப்பதுகூட இருக்காது. பாடமாக ஒரு நாவல் வைத்திருக்கிறார்கள். ஒரு படகோட்டியின் கதை. ஒரு சாயங்காலம் அவன் படகில் வந்த பெண் ஆற்றில் விழுந்து செத்துப்போகிறாள். அண்ணன் வேண்டுமென்றே காப்பாற்றவில்லை என்கிறான் படகோட்டியின் தம்பி. நாவல் முழுவதையும் அந்தத் தம்பிதான் "நான், நான்" என்று சொல்லிக்கொண்டு போகிறான்.

களம், பாத்திரம், கதைப்பின்னல் எல்லாம் போன வாரமே முடிந்தது. நேற்று வாத்தியார் பலகையில் ஒரே ஒரு சொல் எழுதினார். கதைசொல்லி. "இந்தக் கதைய யார் சொல்றாங்க? அவங்க எங்க நின்னு பாத்தாங்க?" என்று கேட்டார். எனக்கு உடனே நீ எழுதிய கதை ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து உன் கல்லூரி மலரைத் தேடி எடுத்தேன். ஒன்றரை வருடமாக அதைத் தொடவில்லை. வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, எழுத்துக்கூட்டாமல் இப்போது என்னால் படிக்க முடிகிறது. உன் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே படித்தேன். ஒரு கேள்வி இருக்கிறது.

உன் கதையில் "நான்" என்று பேசுகிற அந்தப் பதினொரு வயதுப் பெண் எங்கே உட்கார்ந்திருந்தாள்? அங்கிருந்து அவளுக்கு என்னென்ன தெரிந்தது?

பதில் எழுது. எழுதாவிட்டால் மறுபடியும் கேட்பேன்.

அம்மா


ஜூன் 28

அம்மா,

கடிதம் கிடைத்தது. நீ படிப்பது நல்ல விஷயம்.

உன் கேள்விக்கு வருகிறேன். கதைசொல்லி வேறு, எழுத்தாளர் வேறு. பாத்திரம் வேறு, நிஜ மனிதர் வேறு. உங்கள் வாத்தியார் இன்னும் அதை நடத்தவில்லை என்றால் சீக்கிரம் நடத்துவார். மேல் மாடியில் கணவன் இறந்துவிட்டான் என்ற செய்தி வந்த பிறகும் கீழே நின்று விரிப்பு மடித்துக்கொண்டே இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி நான் கதை எழுதினேன். அவள் நீ இல்லை. அவள் ஒரு பாத்திரம். இதை அன்றைக்கே சொன்னேன். நீ காது கொடுக்கவில்லை. "இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே" என்றாய். நானும் வரவில்லை.

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் அச்சகத்தில் புதிதாக எழுதுகிற பன்னிரண்டு பேரின் கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போடுகிறார்கள். அந்தக் கதையும் அதில் வருகிறது. இங்கே என் வேலை மெய்ப்புத் திருத்துவது என்பதால் அதன் பக்கங்களையும் நான்தான் பார்க்கிறேன். இதுவரை ஒரு பிழைகூட இல்லை.

பரீட்சைக்கு என் வாழ்த்துகள்.

மகள்


ஜூலை 9

பாப்பாவுக்கு,

நீ சொன்னதை வாத்தியாரிடம் கேட்டேன், யார் எழுதியது என்று சொல்லாமல். பாத்திரம் வேறு, மனிதர் வேறு என்பது சரிதானாம். ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் உன் பாத்திரத்தின் இடது மணிக்கட்டில் ரோலர் இஸ்திரி மெஷின் சுட்ட தழும்பு எப்படி வந்தது? அவளுக்கென்று வேறு தழும்பு கிடைக்கவில்லையா? அவள் தும்மினால் மூன்று தும்மல். எனக்கும் மூன்றுதான். பாத்திரத்துக்கு ஜலதோஷம் பிடிப்பதுகூட என்னிடமிருந்துதான் போல.

அடுத்தது. அவள் "கல்லைப் போல நின்றாள்" என்று எழுதியிருக்கிறாய். போன வாரம் உவமை நடத்தினார். ஊரே எடுத்துப் புழங்கித் தேய்ந்துபோன உவமையில் உயிர் இருக்காது என்றார். அம்மாவைத் திட்டுவது என்று முடிவு செய்தாயிற்று, கொஞ்சம் புதிதாகத் திட்டக் கூடாதா? கல்லூரி வரை போய்விட்டு உனக்குக் கல்தான் கிடைத்ததா?

இன்னொன்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீயே அன்றைக்குக் கொஞ்சம் குரலைக் குறைத்திருப்பாய். அந்த மலர் தபாலில் வந்ததும் நான் பிரிக்கவில்லை. உன் பெயர் அச்சில் இருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு நேராக வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு இஸ்திரி போடுகிற அக்காவிடம் கொடுத்து, "எம்பொண்ணு எழுதினது, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்கக்கா" என்றேன். அக்கா கணீரென்று ஆரம்பித்தார். இரண்டாவது பக்கம் வந்ததும் குரல் இறங்கியது. மூன்றாவது பக்கத்தில் நிறுத்திவிட்டார். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான், "மிச்சத்தையும் படிங்கக்கா" என்றேன். படித்தார். அப்புறம் எல்லாரும் டப்பாவை மூடிவிட்டு எழுந்தோம்.

பெருமையடிக்கக் கொண்டுபோனது அப்படி ஆனதற்கு முரண்நகை என்று ஒரு பெயர் இருக்கிறது. அது இப்போதுதான் தெரியும். அன்று சாயங்காலம் நீ விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து இறங்கினாய். நான் என்ன பேசினேன் என்பதை நீ எழுதிவிட்டாய். நீ என்ன பேசினாய் என்பதை நான் எழுதுகிறேன். "அப்பா செத்தப்பகூட நீ மடிச்சிக்கிட்டுதானே இருந்தே? இல்லேன்னு சொல்லு பாப்போம்" என்றாய். அப்போது உனக்குப் பாத்திரம் ஞாபகம் வரவில்லை.

வகுப்பில் நேற்று ஒரு சண்டை. தம்பி பொய் சொல்கிறான் என்றார் லாரி டிரைவர். "பொழுது சாயற நேரம், ஆத்துக்கு இந்தக் கரையில நின்னுக்கிட்டு நடு ஆத்துல அண்ணன் கைய நீட்டினானா இல்லையான்னு எப்படித் தெரியும்? எனக்கு இருபது வருஷம் ரோட்டப் பாத்த கண்ணு, எனக்கே தெரியாது." வாத்தியார் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறான், பார்க்காத இடத்தைத் தன் கோபத்தால் நிரப்பிக்கொள்கிறான் என்றார்.

இதை உனக்காக நோட்டில் இரண்டு முறை எழுதி வைத்தேன். நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள்?

அம்மா


ஜூலை 30

அம்மா,

நீ இஸ்திரி அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னது எனக்குத் தெரியாது. அதற்கு வருந்துகிறேன். அதற்கு மட்டும்.

நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்றுதானே கேட்கிறாய்? சலவைக்கூடத்தின் கதவை ஒட்டிப் போட்டிருந்த முக்காலியில். மடியில் புத்தகப் பை. பள்ளிக்கூடத்திலிருந்து என்னை மதியமே கூட்டி வந்துவிட்டார்கள். அப்பா மூன்றாவது மாடி வார்டில் இருந்தார். அங்கே போகலாம் என்று மூன்று முறை கேட்டேன். "இரு, போலாம்" என்றாய். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. இரண்டு ஐம்பதுக்கு நீல உடுப்புப் போட்ட வார்டு அட்டெண்டர் வந்தார். உன் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். என்னைத் திரும்பிப் பார்த்தார், அதே வேகத்தில் பார்வையை எடுத்துக்கொண்டார். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் புரிந்தது. பதினொரு வயதுக்கு அது புரியும். நீ தலையை ஆட்டினாய். மறுபடியும் குனிந்து விரிப்பை எடுத்தாய். மடித்தாய். மூன்று இருபத்தைந்து வரை மடித்தாய். முப்பத்தைந்து நிமிடம், அம்மா. நான் எண்ணினேன்.

அப்புறம் என்னை மேலே கூட்டிப் போனாய். அப்பா சட்டை போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

இதில் எது கற்பனை? நான் இந்தக் கரையிலும் நிற்கவில்லை, அந்தக் கரையிலும் நிற்கவில்லை. உன்னிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தேன். எனக்குத் தெரியாத ஏதாவது அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் இருந்தால் எழுது. பன்னிரண்டு வருடமாகச் சொல்லாமல் இருந்ததை இனிமேலாவது சொல்.

மகள்


ஆகஸ்ட் 19

பாப்பாவுக்கு,

வாத்தியார் ஒரு பயிற்சி கொடுத்தார். நாவலில் ஏதாவது ஒரு காட்சியை வேறு பாத்திரத்தின் நோக்குநிலையிலிருந்து எழுத வேண்டும். வகுப்பில் எல்லாரும் அண்ணன்காரன் பார்வையில் ஆற்றை எழுதினார்கள். நான் இதை எழுதினேன். அவரிடம் கொடுக்கவில்லை. வெறும் நோட்டைக் கொடுத்து முட்டை வாங்கிக்கொண்டேன்.

அவள் முந்தின நாள் மாலை வார்டுக்குப் போனாள். மெக்கானிக் வேலை செய்த அந்த மனிதனின் கைகள் அதற்குள் மெலிந்து போயிருந்தன. மூக்கில் ஒரு குழாய், கழுத்தோரம் ஒன்று, போர்வைக்கு அடியில் ஒன்று. அவனுக்குப் பேச மூச்சு வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசினான். "பாப்பா என்னய இப்படிப் பாக்கக் கூடாது. என்ன ஆனாலும், இதையெல்லாம் எடுத்துட்டு, ஒரு சட்டை போட்டுவிட்டு, அப்புறம் கூட்டிட்டு வா. சத்தியமா சொல்லு." சொன்னாள்.

மறுநாள் அட்டெண்டர் வந்து காதில் சொன்னது இதுதான். "முடிஞ்சிருச்சுக்கா. குழாயெல்லாம் கழட்டணும், டாக்டர் வந்து கையெழுத்துப் போடணும். அரை மணி நேரம் ஆகும். புள்ளைய அதுக்கு முன்னாடி கூட்டிட்டு வராதீங்க." பத்தடி தூரத்தில் மகள் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் முகம் கோணினால் அந்தப் பெண் எழுந்து மூன்று மாடியும் ஓடிவிடுவாள். அதனால் இவள் விரிப்பை எடுத்தாள். கை எதையாவது பிடித்திருந்தால் முகம் கோணாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

பயிற்சிக்கு இதோடு போதும். முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். ஆனால் இப்படியே நிறுத்தினால் நானும் அந்தத் தம்பிதான். மிச்சத்தையும் எழுதுகிறேன். இனி "அவள்" வேண்டாம்.

உன்னை இஸ்திரி அக்காவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் மேலே போயிருக்கலாம். அக்கா கண்ணாலேயே கேட்டார், "நீ போறியா? நான் பாத்துக்குறேன்" என்று. நான் போகவில்லை. சத்தியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்குப் பயம். மேலே போய்ப் பார்த்துவிட்டால் நடந்தது நடந்ததாகிவிடும். கீழே இருக்கிற வரைக்கும் எனக்கு அரை மணி நேரம் பாக்கி இருந்தது. அந்த அரை மணி நேரத்தை நான்தான் எடுத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

நீ பார்த்தது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை.

அம்மா


அக்டோபர் 3

பாப்பாவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. கேட்க மாட்டேன். நீ யோசித்து முடிக்கும்வரை நான் கணக்குப் போடுகிறேன்.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு இருபத்திரண்டு. லாரி டிரைவர் எண்பத்தாறு. டீசல் போட்டுப் போட்டு அவருக்குக் கணக்கு கைவந்துவிட்டது. அவர் எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார், நான் அவருக்கு உருவகம் சொல்லித் தருகிறேன். நேற்று, "அக்கா, 'மனசு ஒரு லாரி'ன்னு எழுதினா உருவகம்தானே?" என்று கேட்டார். சரிதான் என்றேன். அதில் என்ன ஏற்றியிருக்கிறது என்று எழுதினால்தான் மதிப்பெண் என்றும் சொன்னேன்.

விட மாட்டேன். கணக்கையும் சொல்கிறேன், உன்னையும் சொல்கிறேன்.

அம்மா


அக்டோபர் 16

அம்மா,

உன் ஆகஸ்ட் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். பதில் எழுத உட்காருவேன், முதல் வரியிலேயே நிற்பேன். இப்போது எழுதப்போவது எனக்கு நல்ல பெயர் வாங்கித் தராது.

ஒன்றை நான் பார்த்தேன். அன்றைக்கே பார்த்தேன். நீ ஒரே விரிப்பைத்தான் மடித்துக்கொண்டிருந்தாய். மடிப்பாய், அடுக்கின் மேல் வைப்பாய், கொஞ்ச நேரம் கழித்து அதையே எடுத்து உதறுவாய், மறுபடி மடிப்பாய். ஓரத்தில் நீலநூலில் எண் தைத்திருந்தது, அதனால் தெரிந்தது. நான்கு முறையோ ஐந்து முறையோ. அடுக்கு வளரவே இல்லை.

கதையின் முதல் படியில் அது இருந்தது. ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். அது இருந்தால் அந்தப் பெண் கல்லாக இருக்க முடியாது. வாசிக்கிறவர்கள் அவள் பக்கம் போய்விடுவார்கள். எனக்கு அவர்கள் என் பக்கம் நிற்க வேண்டியிருந்தது. கல்லூரிப் போட்டியில் அந்தக் கதைக்கு முதல் பரிசு கொடுத்தார்கள், "இரக்கமே இல்லாத துல்லியம்" என்று சொல்லி. துல்லியம்! பார்த்ததை வெட்டிவிட்டு வாங்கிய பரிசு.

போன திங்கட்கிழமை பதிப்பாசிரியரிடம் போய், கதையைத் திருத்தி எழுத வேண்டும், ஒரு மாதம் கொடுங்கள் என்றேன். "பக்கம் கட்டி முடிச்சாச்சு. கதை நல்லாத்தானே இருக்கு, முடிவு சும்மா நச்சுனு விழுது. இத ஏன் கெடுக்கறீங்க?" என்றார். "முடிவு தப்பு சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "இது போகட்டும், இல்லன்னா எடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." எடுத்துவிட்டேன். புத்தகம் பதினொரு கதைகளோடு போகிறது. என் பக்கங்களை நானே கோடு போட்டு நீக்கினேன்.

ஆனால் அம்மா, இதையும் நீ படிக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தை நான் புரிந்துகொள்கிறேன். அதற்கப்புறம் வந்த பன்னிரண்டு வருடம்? அப்பா அப்படிச் சொன்னார் என்று ஒரு வார்த்தை. அன்றைக்கு வேண்டாம், அடுத்த மாதம், அடுத்த வருடம்? அவர் கடைசியாக என்னைப் பற்றித்தான் பேசினார் என்று நான் ஒரு பயிற்சிக் கட்டுரையிலிருந்து தெரிந்துகொள்கிறேன். அது எனக்குச் சேர வேண்டியது. நீ பூட்டி வைத்திருந்தாய்.

மகள்


நவம்பர் 2

பாப்பாவுக்கு,

உண்மை. அது உனக்குச் சேர வேண்டியது. நான் கொடுத்திருக்க வேண்டும். முதலில் வாய் வரவில்லை. பிறகு நீ கேட்கவில்லை என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். அப்புறம் நீ எதையும் கேட்காத பெண்ணாக வளர்ந்துவிட்டாய், நான் எதையும் சொல்லாத அம்மாவாகப் பழகிவிட்டேன். இதற்கு மேல் என்னிடம் நியாயம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆனால் உன் மேல் இப்போது எனக்கு வேறு கோபம். கதையை எடுக்கச் சொல்லி உன்னிடம் யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா? ஒரு கடிதத்திலாவது? பழைய கதையை எடுத்தாய், சரி. புதியது எங்கே? நாற்பத்தைந்து வயதில் நான் முக்கோணத்தின் மூன்று கோணத்தையும் கூட்டிக்கொண்டிருக்கிறேன். நீ கோடு போட்டு நீக்கிவிட்டேன் என்று எழுதுகிறாய். நீக்குவது ஒரு வேலையா? எழுது.

நான் மூன்று நிபந்தனை வைக்கிறேன். என்னைத் தெய்வமாக்கி எழுதினால் கிழித்துப் போடுவேன். என் பயத்தை விடக் கூடாது. தழும்பு அப்படியே இருக்கட்டும், அது என்னுடையதுதான்.

நாவலில் கடைசி அத்தியாயம் முடிந்தது. அண்ணன் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை, பாப்பா. தம்பி வயதாகி அதே படகில் அக்கரைக்குப் போகிறான், அங்கே போன பிறகுதான் இந்தக் கரை எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்க்கிறான். அதற்குள் அண்ணன் செத்து ஒன்பது வருடம். தையல் கடைக்காரப் பெண் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "ரெண்டு பேருக்கும் நாக்கு இல்லையா சார்?" என்று கேட்டேன். வாத்தியார் சிரிக்கவில்லை. "அதத்தான் பரீட்சைல கேப்பாங்க, இதையே எழுதுங்க" என்றார்.

அம்மா


ஜனவரி 21

அம்மா,

எழுதுகிறேன். மூன்று முறை ஆரம்பித்துவிட்டேன். பெண்ணை முக்காலியிலேயே உட்கார வைத்தால் உன் பக்கம் தெரியவில்லை. உன்னைப் பேச வைத்தால் உன் குரல் எனக்கு வரவில்லை, நீ கடிதத்தில் பேசுகிற மாதிரி என்னால் எழுத முடியவில்லை. இப்போது இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பேச விட்டிருக்கிறேன். நிற்கிறதா விழுகிறதா தெரியவில்லை.

எனக்குச் சில விவரம் வேண்டும். அன்றைக்கு எந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது? அப்பாவுக்குப் போட்ட சட்டை எது, யார் கொடுத்தது? அந்த அட்டெண்டர் இப்போதும் இருக்கிறாரா? அப்பா வேறு என்ன சொன்னார்? எல்லாம் வேண்டும். சின்னதாக இருந்தாலும்.

உன் கணக்கு எப்படி இருக்கிறது?

பாப்பா


பிப்ரவரி 5

பாப்பாவுக்கு,

பெரிய உலர்த்தும் மெஷின் ஓடியது. அதன் பெல்ட் தேய்ந்திருந்ததால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் வரும். பழுப்புக் கோடு போட்ட சட்டை. காலையில் நான்தான் பையில் வைத்துக் கொண்டுபோனேன், அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது என்று அர்த்தம். அதையும் எழுதிக்கொள். அட்டெண்டர் ஓய்வு பெற்றுவிட்டார்.

அப்பா வேறு சொன்னது இதுதான். "அவ சைக்கிள் செயின் லூசா இருக்கு, யாராச்சும் பாத்துக் குடுங்க" என்றார். இரண்டு முறை சொன்னார். மூச்சு இருந்ததே அவ்வளவுதான், அதில் பாதியைச் செயினுக்குச் செலவு பண்ணினார். அடுத்த வாரம் நானே போய்ச் சரிபண்ணி வாங்கி வந்தேன், உனக்குத் தெரியாமல்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கு நாற்பத்தொன்று. பரீட்சை மார்ச் பதினெட்டு. அதுவரை எழுத மாட்டேன். நீ எழுது.

அம்மா


மே 24

பாப்பாவுக்கு,

பாஸ். ஐந்து பாடத்திலும் பாஸ். கணக்கில் நாற்பத்து மூன்று, தமிழில் எழுபத்து நான்கு. தமிழில் இன்னும் வந்திருக்கும். "தம்பியை மன்னிக்கலாமா? உன் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக" என்று கேட்டிருந்தார்கள். ஆறு பக்கம் எழுதினேன். கை நிற்கவில்லை. நேரம் போய்விட்டது, கடைசிக் கேள்வியைத் தொடவே முடியவில்லை. அது என்ன கேள்வி தெரியுமா? கடிதம் எழுதுதல், பத்து மதிப்பெண். லாரி டிரைவர் கேள்விப்பட்டுச் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. அவரும் பாஸ்.

சர்டிபிகேட் வந்ததும் அதிகாரியின் மேசையில் வைத்தேன். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெசமாவே கொண்டாந்துட்டீங்களே" என்றார். ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து சூப்பர்வைசர். இஸ்திரி அக்கா என்னை இப்போதே "மேடம்" என்று கூப்பிட்டு உயிரை எடுக்கிறார்.

உன் கதை எங்கே?

அம்மா


ஜூன் 6

அம்மா,

உன் கடிதத்தை அச்சகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பதிப்பாசிரியர் அந்த ஆறு பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். விடைத்தாளைத் திருப்பித் தர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

கதையை இதோடு வைத்திருக்கிறேன். பதினேழு பக்கம். இதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. நீ சொல்லாமல் எங்கேயும் கொடுக்க மாட்டேன். எதை வேண்டுமானாலும் அடி. பேனா சிவப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்.

பாப்பா


ஜூன் 15

பாப்பாவுக்கு,

படித்தேன். சத்தமாக, எனக்கே கேட்கிற மாதிரி. மெஷினின் முனகல் சரியாக வந்திருக்கிறது. நான் பயப்படுகிற பக்கத்தில் பயப்படுகிறேன், தெய்வமாகவில்லை, நன்றி. கல் இல்லை. விரிப்பை எடுத்து எடுத்து உதறுகிற இடத்தில் புத்தகத்தை, அதாவது உன் காகிதத்தை, கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பெண் முக்காலியில் இருந்துகொண்டு, தனக்குத் தெரிந்துவிட்டது என்பது அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று தன் முகத்தைக் கட்டிவைக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். இது எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாகத் தெரியாது. நானும் பார்க்காத இடம் ஒன்று இருந்திருக்கிறது, பத்தடி தூரத்தில்.

ஒரே ஒரு தப்பு. கடைசிப் பக்கத்தில் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறுகிறாள். அப்படி நடக்கவில்லை. நீ முன்னால் ஓடினாய். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அம்மா


ஜூன் 22

அம்மா,

இல்லை. கையைப் பிடித்திருந்தாய். உன் கை ஈரமாக, சோப்பு நெடியோடு இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் இறுக்கினாய், எனக்கு வலித்தது. இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. வேறு எதை அடிக்கச் சொன்னாலும் அடிப்பேன். இதை மாட்டேன்.

பாப்பா


ஜூன் 29

பாப்பாவுக்கு,

நானும் மாட்டேன். நீ ஓடினாய்.

வாத்தியாரிடம் கேட்டேன். இரண்டு பேரும் அங்கேயே இருந்து இரண்டு விதமாகச் சொன்னால் யாரை நம்புவது சார் என்று. அவர், "பரீட்சை முடிஞ்சிருச்சு அக்கா, என்னை விடுங்க" என்கிறார்.

இதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வா. பத்தரைக்கு வந்துவிடுவாய், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். அந்தப் படிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது, இடித்துக் கட்டவில்லை. லிஃப்ட் வந்துவிட்டது, ஆனால் நாம் படியில்தான் ஏறப்போகிறோம். சலவைக்கூடத்துக் கதவிலிருந்து ஆரம்பிப்போம், மூன்று மாடி, அறுபத்தாறு படி, நேற்றுப் போய் எண்ணிவிட்டு வந்தேன்.

நீ ஓடப் பார். நான் உன் கையைப் பிடிக்கப் பார்க்கிறேன்.

அம்மா